மொத்தமா நாங்க பாத்துக்கறோம்

ஐஸ்காரர் பேசி உலகத்தில் ஒரு காரியமாவது நடந்திருக்கிறது என்று அவர் மனைவி ஒப்புக்கொண்டது ஒரே ஒரு தடவைதான். அந்தத் தடவை அவர் பேசாமலே இருந்திருக்கலாம் என்று சொன்னவளும் அவள்தான்.

அவருக்குச் சொந்தமாக ஒரு ஐஸ் ஃபேக்டரி இருந்தது. தரைக்குள் பெரிய உப்புத் தண்ணீர்த் தொட்டி, அதற்குள் வரிசையாக முங்கிக் கிடக்கும் தகர டப்பாக்கள், மேலே மூடிய மரப் பலகைகள், பக்கத்து அறையில் அமோனியா கம்ப்ரஸர். ஐஸுக்கு மூலப்பொருள் தண்ணீர் என்று நினைக்கிறவர்கள் அந்தத் தொழிலுக்கு வராதவர்கள். மூலப்பொருள் கரண்ட்தான். மீன் வியாபாரி பேரம் பேசுவதும், பால் வண்டிக்காரர் கடன் சொல்வதும், ஐஸ்காரர் தூங்குவதும் தூங்காததும் கரண்ட் விலையைப் பொறுத்துத்தான்.

மகள் குளிர்சாதனப் படிப்பு படித்துவிட்டு வேறு எங்கும் போகாமல் கம்ப்ரஸர் அறையிலேயே குடியிருந்தாள். அதன் சத்தம் அரை சுருதி மாறினாலும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடுவாள். ஃபேக்டரியை எந்தப் பாரமும் இல்லாமல் அவள் கையில் கொடுத்துவிட வேண்டும், அதற்கப்புறம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து உலக நியாயம் பேச வேண்டும், இவ்வளவுதான் ஐஸ்காரரின் ஆசை. நியாயம் பேசுவதை மட்டும் அவர் முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டார். நேரடி மின்நுகர்வோர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

நேரடி நுகர்வோர் என்றால், மின்கம்பெனியை விட்டு விலகி, வெளியே மலிவாகக் கிடைக்கிற கரண்டை நேரடியாக வாங்கிக்கொள்கிறவர்கள். கம்பிகள் கம்பெனியுடையவை, கரண்ட் வேறொருவருடையது. கம்பெனி சும்மா விடுமா? "உங்களையும் நம்பித்தானே அந்தக் காலத்தில் இத்தனை மின்நிலையங்களோடு ஒப்பந்தம் போட்டோம்? போகிறவர்கள் பங்கை வைத்துவிட்டுப் போங்கள்" என்று ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு விலகல் கட்டணம் கேட்டது. தனிக்குடித்தனம் போன மகனிடம் பழைய வீட்டுக் கூரைக்கு மாதாமாதம் காசு கேட்கிற மாதிரி. அந்தக் கட்டணம் ஏறிக்கொண்டே போக, சங்கத்தார் மின்கட்டண ஆணையத்தில் போய் நின்றார்கள். அதற்கு ஒரு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்பது கோரிக்கை.

ஆணையத்தின் விசாரணைக் கூடத்தில் ஏசி போட்டிருந்த வேகத்தில் ஐஸ்காரருக்கே குளிர் எடுத்தது. மேடையில் பிளாஸ்டிக் பூ, அதற்குப் பின்னால் ஆணையர். ஆணையர் தன்னை 'நான்' என்று சொல்லிக்கொண்டதை யாரும் கேட்டதில்லை. எல்லாமே 'இந்த ஆணையம்'தான். "இந்த ஆணையத்துக்குத் தலை வலிக்குது, அந்த ஜன்னலச் சாத்துங்க" என்று அவர் சொல்லும்போது, ஜன்னல் சாத்துகிறவர் ஒரு சட்டப் பிரிவை அமல்படுத்துகிற பயபக்தியோடு சாத்துவார்.

எதிர்த் தரப்பில் கம்பெனி வக்கீல். குரலை உயர்த்தவே மாட்டார். ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் பேசுகிற குரல். எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் உடம்பைப் பற்றித்தான் விசாரிப்பார்.

வரம்பு வைக்கலாம் என்ற கட்டத்துக்கு விசாரணை வந்தபோது ஆணையர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ஆணையத்துக்கு ஒரு சந்தேகம். வரம்புக்கு மேல போறது தள்ளுபடி கிடையாது, தள்ளிவைப்புதான். பின்னாடி வட்டியோட வசூலாகணும். அதை அவங்கவங்க பேர்ல தனித்தனியா வைக்கணுமா, உங்க குழு பேர்ல மொத்தமா வைக்கணுமா?"

பக்கத்து நாற்காலியில் இருந்த ஃபவுண்டரிக்காரர் ஐஸ்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். பம்ப்பு உடல்களும் சாக்கடை மூடிகளும் வார்க்கிற மனிதர். கிசுகிசுப்பதற்குப் பழகாத தொண்டை.

"தலைவரே, தனித்தனின்னு சொல்லிட்டு உக்காருங்க."

ஆனால் அதற்குள் மைக் கைக்கு வந்துவிட்டது. மைக் கிடைத்தால் ஐஸ்காரர் வேறு மனிதர். ஆண்டுவிழா ஒவ்வொன்றிலும் பேசிப் பேசி வழவழப்பான வாக்கியங்கள் அவர் தொண்டையில் எப்போதும் தயாராக நிற்கும். எது முன்னால் நிற்கிறதோ அது வெளியே வந்துவிடும்.

"ஐயா! நாங்க சங்கம் இல்லீங்க, ஒரு குடும்பம். பங்கு பிரிக்கிற பழக்கம் எங்க குடும்பத்துல கிடையாது. எவ்வளவு வந்தாலும் சரி, மொத்தமா நாங்க பாத்துக்கறோம்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. பிஸ்கட் கம்பெனிக்காரர் தட்டினார், நூல் மில்காரர் தட்டினார், தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் எழுந்து நின்றே தட்டினார். சட்டையை இழுத்த ஃபவுண்டரிக்காரரும் தட்டினார். தனியாக நின்றால் தன் தலையில் விழுவது, கூட்டமாக நின்றால் பக்கத்துத் தலையில் விழும் என்பது ஒவ்வொருவர் மனக்கணக்கும். எல்லாரும் பக்கத்துத் தலையை மிகுந்த பாசத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

வரம்பே கூடாது என்று வாதாட ஒரு கட்டு காகிதத்தோடு வந்திருந்த கம்பெனி வக்கீல், கட்டை அவிழ்க்காமலே பைக்குள் வைத்தார்.

"கம்பெனிக்கு ஆட்சேபம் இல்ல" என்றார். பிறகு ஐஸ்காரர் பக்கம் திரும்பி, "ரொம்ப அழகாப் பேசினீங்க ஐயா. உடம்பப் பாத்துக்கோங்க" என்றார்.

ஆளைப் பேச்சிலேயே சாய்த்துவிட்டதாக ஐஸ்காரர் நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் இரண்டு குரலில் நடித்துக் காட்டினார். ஆணையர் குரலுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டார். மனைவி மீன் வியாபாரிக்கு ஐஸ் ஏற்றி அனுப்பிவிட்டு ஈரக் கையைத் துடைத்தபடி கேட்டாள்.

"ஏங்க, குடும்பத்துல ஒருத்தன் கடைய மூடிட்டா அவன் பங்கு யாரு தலையில?"

"மூட மாட்டான்."

"செத்துட்டா?"

"ஏம்மா, நல்ல நாளும் அதுவுமா வாயில இதுதான் வருதா?"

"அம்மா, அப்பா ஜெயிச்சுட்டு வந்திருக்காரு. அஞ்சு நிமிஷமாவது விடேன்" என்றாள் மகள்.

"அஞ்சு நிமிஷம்தானே, எடுத்துக்கட்டும்" என்றாள் அவள்.

முதலில் மூடியது பிஸ்கட் கம்பெனி. யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. அவர்கள் பிஸ்கட்டைத் தின்றவர்களுக்குக் காரணம் தெரியும். அடுத்த விசாரணைக்குப் போனபோது சங்கத்தார் வரிசையில் ஒரு நாற்காலி குறைந்திருந்தது. கூடத்து ஊழியர் மற்ற நாற்காலிகளைச் சற்று நகர்த்தி, இடைவெளி தெரியாமல் நெருக்கிப் போட்டிருந்தார். பிஸ்கட்காரர் அங்கே உட்கார்ந்திருந்தார் என்பதற்கு அடையாளமே இல்லை.

வரம்பு இருந்ததால் மாதக் கட்டணம் ஏறவில்லை. சங்கத்தார் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். ஏறியதெல்லாம் குழுவின் பேரில் தள்ளிவைத்த கணக்கில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஏறியது. ஐஸ் தொட்டியும் அப்படித்தான். மேலே பலகை போட்டிருக்கும், அதன்மேல் நடக்கலாம், நின்று வெற்றிலை போடலாம், கதை பேசலாம். ஒரு பலகையை நகர்த்தினால்தான் கீழே கறுப்பாக உப்புத் தண்ணீர் அசைவது தெரியும். பலகையை நகர்த்த யாருக்கும் அவசரம் இல்லை.

அப்போதுதான் கம்பெனி 'வீடு திரும்பும் திட்டம்' என்று ஒன்றை அறிவித்தது. பெயரைக் கேட்டாலே கண் கலங்கும். விலகிப் போனவர்கள் திரும்பவும் கம்பெனியிடமே கரண்ட் வாங்கிக்கொள்ளலாம். பழைய தள்ளிவைப்புப் பாரம் அவர்கள் பின்னால் வராது, அது குழுவுடையது, குழுதான் மொத்தமாகப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறதே!

முதலில் டாக்டர் திரும்பினார். "உடம்புதான் போகுது தலைவரே, உசுரு சங்கத்துலதான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உடம்பையும் உயிரையும் தனித்தனியாக எடுத்து வைப்பது அவர் தொழில்தான், ஆகையால் ஐஸ்காரர் நம்பினார். நூல் மில்காரர் போகும்போது ஒற்றுமையின் அருமை பற்றி ஒரு பிரிவுரையே நிகழ்த்தினார். ஒவ்வொருவரும் போனபின் நாற்காலிகள் நெருங்கிக்கொண்டன. வரிசை குட்டையாகிக்கொண்டே வந்தது. ஆணையத்தில் காட்டுகிற மரியாதை மட்டும் நீளமாகிக்கொண்டே போனது. முன்பெல்லாம் 'நேரடி நுகர்வோர் தரப்பு' என்று கத்திக் கூப்பிடுகிற கூடத்து ஊழியர், இப்போது "மதிப்புக்குரிய நேரடி நுகர்வோர் தரப்பு" என்று குழைந்தார்.

"நாமளும் திரும்பிடலாங்க" என்றாள் மனைவி.

"தலைவன் முதல்ல போனா நல்லாவா இருக்கும்?"

"கடைசில போனா மட்டும் நல்லாவா இருக்கும்?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கடைசியில் மிஞ்சியது அவரும் ஃபவுண்டரிக்காரரும்தான். இரண்டு நாற்காலிகளும் தோளோடு தோள் ஒட்டிக் கிடந்தன. இடைவேளையில் இருவரும் டீ குடித்தபடி ஒருவரை ஒருவர் நோட்டம் விட்டார்கள்.

"நான் இருக்கேன் தலைவரே. உலை அணைஞ்சாலும் நான் அணைய மாட்டேன்" என்றார் ஃபவுண்டரிக்காரர்.

"உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றார் ஐஸ்காரர். சொல்லும்போதே மறுநாள் காலையில் கம்பெனி ஆபீசுக்கு எந்த வழியாகப் போனால் யார் கண்ணிலும் படாது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விண்ணப்பத்தைச் செய்தித்தாளுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, கடன்காரனுக்குப் பயந்தவர் மாதிரி பின்பக்கத் தெரு வழியாகப் போய்ச் சேர்ந்தார். படியில் கால் வைத்தால், மேலேயிருந்து ஃபவுண்டரிக்காரர் இறங்கி வருகிறார். அவர் கையிலும் ஒரு செய்தித்தாள், அதுவும் சுருட்டியபடி. இருவரும் ஒரே படியில் நின்றார்கள்.

"என்ன தலைவரே, இந்தப் பக்கம்?"

"சும்மாதான். மீட்டர்ல ஒரு சின்னக் கோளாறு. நீங்க?"

"எனக்கும் மீட்டர்தான்" என்றார் ஃபவுண்டரிக்காரர். அவர் முகத்தில் என்றும் இல்லாத ஒரு தெளிவு இருந்தது. பல் பிடுங்கிவிட்டு வருகிறவன் முகம். "எனக்குச் சரி பண்ணிட்டாங்க. நல்ல ஆளுங்க. சீக்கிரம் போங்க" என்றவர், நின்று திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார்.

கவுன்டரில் இருந்த பெண் அதிகாரி விண்ணப்பத்தை வாங்கவில்லை. எழுந்து நின்றாள், டீ சொன்னாள், மாடிக்கு அழைத்துப் போனாள். மாடியில் கம்பெனி வக்கீல் அவருக்காகவே காத்திருந்தது போல நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க ஐயா. உடம்புக்கு எப்படி இருக்கு? படி ஏறினதுல மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் இல்ல. இந்த வீடு திரும்புற திட்டம்..."

"அருமையான திட்டம். ஆனா உங்களுக்குப் பொருந்தாதுங்களே."

"ஏன்?"

"குழுன்னு ஒண்ணு இருந்தாத்தானே அதுலேருந்து ஒருத்தர் விலக முடியும்? காலையில ரெண்டு பேரு இருந்தீங்க. ஃபவுண்டரி ஐயா இப்பதான் கையெழுத்து போட்டுட்டு இறங்கினாரு. இனி நீங்கதான் குழு. குழு எப்படிங்க குழுவ விட்டுப் போகும்?" ரொம்ப வருத்தப்பட்டுச் சொன்னார். "மொத்தமா நாங்க பாத்துக்கறோம்னு சொன்னீங்க. ஆணையம் அதை அப்படியே உத்தரவுல போட்டுருச்சு. தாமாக முன்வந்து அளித்த உறுதிமொழின்னு."

ஐஸ்காரர் டீயைக் கீழே வைத்தார்.

"ஃபேக்டரிய மூடிட்டா?"

"மூடலாம். அன்னிக்கே மொத்தமும் கேக்க வேண்டி வரும். ஃபேக்டரி, வீடு, அப்புறம் வாரிசு... அதெல்லாம் ஏன் ஐயா நாம வாயால பேசணும்? ஓடிக்கிட்டே இருக்கட்டும். மெஷின் ஓடுற வரைக்கும் யாரும் உங்கள ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. மாசாமாசம் வரம்புக்குள்ள கட்டுங்க, போதும். நீங்க போராடி வாங்கின வரம்பு."

"அவ்வளவு பேரோட பாரத்தை ஒரு ஐஸ் ஃபேக்டரி என்னிக்கு அடைக்கும்? உங்களுக்கே தெரியும், இது வராத பணம்."

வக்கீல் முதல்முறையாகச் சிரித்தார். அதுவும் சத்தம் இல்லாமல்.

"வரணும்னு யாரு சொன்னா? எங்க கணக்குல அது வரவேண்டிய பணம். வரவேண்டியதாவே இருந்தாப் போதும், அதக் காட்டி பேங்க்ல கடன் வாங்கிக்கலாம். அதுக்கு ஒரு குழு உசுரோட இருக்கணும். அவ்வளவுதான் ஐயா. அதனாலதான் நான் எப்பவும் உங்க உடம்பப் பத்திக் கேக்குறது."

அன்று அவர் பின்பக்கத் தெருவில் போகவில்லை. யார் பார்த்தால் என்ன என்று பெரிய வீதியிலேயே நடந்து வீட்டுக்கு வந்தார். மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். இந்த முறை குரல் மாற்றி நடிக்கவில்லை. அவளும் சொல்லிக்காட்டவில்லை. தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள்.

அடுத்த விசாரணைக்குக் கூடம் நிறைந்திருந்தது. கம்பெனி தரப்பில் அத்தனை வக்கீல்கள், ஆணையத் தரப்பில் அத்தனை அதிகாரிகள். நடுவில் நெருக்கிப் போட வேறு நாற்காலி இல்லாமல் ஒரே ஒரு நாற்காலி. "பெருமதிப்புக்குரிய நேரடி நுகர்வோர் தரப்பு!" என்று ஊழியர் கத்தியதும் ஐஸ்காரர் எழுந்து நின்றார். எல்லோரும் அவரோடு எழுந்து நின்றார்கள். ஒரு மனிதருக்கு அவ்வளவு மரியாதை காட்டுவதை அவர் சவ ஊர்வலங்களில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

"உச்சவரம்பை இந்த ஆணையம் நீட்டிக்கிறது" என்றார் ஆணையர். "நேரடி நுகர்வோர் நலனில் இந்த ஆணையத்துக்கு இருக்கிற அக்கறைக்கு இதவிட என்ன சாட்சி வேணும்?"

எல்லாரும் கைதட்டினார்கள். ஐஸ்காரரும் தட்டினார், தட்டாமல் இருக்க அந்தக் கூடத்தில் இடம் இல்லை.

"இன்னொரு விஷயம்" என்றார் ஆணையர். "உங்களுக்கும் வயசாகுது. குழு தொடர்ந்து இருக்கணும்னா, உங்களுக்கு அப்புறம் யாருங்கிறதப் பதிவு பண்ணிக்கிறது நல்லது. பையனோ பொண்ணோ யாராவது இருக்காங்களா?"

கம்பெனி வக்கீல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். கூடத்து ஊழியர் மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார். ஐஸ்காரர் மைக்கைக் கையால் தள்ளினார். வாழ்க்கையில் முதல்தடவை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்த வாரம் முழுக்கக் கணவனும் மனைவியும் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். மகளை எங்காவது தூரமாக வேலைக்கு அனுப்பிவிட வேண்டும். ஃபேக்டரியில் அவள் பெயர் எங்கும் இருக்கக் கூடாது. காரணத்தைச் சொன்னால் அவள் போக மாட்டாள், ஆணையத்துக்கே சண்டைக்குக் கிளம்புவாள். அப்பனின் வாய் அவளுக்கும் வாய்த்திருந்தது. ஆகவே ஒன்றும் சொல்லவில்லை. "வெளியூர்ல நல்ல வேலையாம், போயேன்" என்று மட்டும் சொல்லிப் பார்த்தார்கள்.

"எதுக்கு? இங்க யாரு கம்ப்ரஸரப் பாத்துக்குவா? நீங்களா? ஆயில் எங்க ஊத்தறதுன்னு தெரியுமாப்பா உங்களுக்கு?" என்று சிரித்தாள் மகள்.

கம்ப்ரஸருக்கு ஆயில் மாற்ற வேண்டிய நாள் வந்தது. மத்தியானம் மகள் ஸ்விட்சை இறக்கினாள். கம்ப்ரஸர் பெருமூச்சு விட்டு அடங்கியது. அது ஓடாதபோதுதான் அந்தக் கட்டடத்தில் எத்தனை சின்னச் சத்தங்கள் இருக்கின்றன என்று தெரியும். குழாயில் சொட்டுகிற தண்ணீர், பலகைக்குக் கீழே தொட்டி தளும்புவது. ஐஸ்காரர் பலகை மேல்தான் நின்றிருந்தார்.

ஃபோன் அடித்தது.

மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம்மா. ஐயாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" வக்கீலின் நர்ஸ் குரல். "ஒண்ணுமில்ல, உங்க மீட்டர் நின்னுருச்சுன்னு இங்க காட்டுது. மனசு கேக்கல, அதான்."

"ஆயில் மாத்துறோம்" என்றாள் அவள்.

"நல்லது, நல்லது. மாத்தணும்ல. அப்படியே அந்த வாரிசு விஷயமும் ஆணையத்துல ஞாபகப்படுத்தச் சொன்னாங்க. யாரு பேரப் போட்டுக்கட்டும்மா?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் பலகை மேலிருந்து கம்ப்ரஸர் அறைப் பக்கம் பார்த்தார். அவள் ஃபோனை வாயருகே கொண்டுபோனாள்.

"எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாதுங்க" என்றாள். குரல் நடுங்கவே இல்லை. "நாங்க ரெண்டு பேருதான். எங்களோட சரி."

 அந்தப் பக்கம் பேனாவை மூடி வைக்கிற சத்தம் கேட்டது.  ஒரு கணம், அந்த மனிதர் நம்பிவிட்டார் என்றே தோன்றியது.

கம்ப்ரஸர் அறையிலிருந்து, வேலை முடித்த சந்தோஷத்தில் குரல் கணீரென்று வந்தது.

"அப்பா! ஆயில் ஊத்திட்டேன். போட்டுறட்டுமா?"

 ஃபோன் எப்போதும் போல மெதுவாக, அக்கறையாகப் பேசியது.

"நல்ல குரலும்மா. போடச் சொல்லுங்க."